அரை நிமிஷத்தில் பதில்

தூத்துக்குடியில் பிள்ளைக்குப் போன் வாங்கப் போனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். கடைக்காரப் பெண்ணை ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்க விடாமல் உட்கார வைத்தவர் கிளாட்வின் ஒருவராகத்தான் இருக்கும்.

ஏழாம் வகுப்புக்கு வந்தால் சொந்தப் போன் கட்டாயம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அதற்கென்றே பிள்ளைகள் போன் என்று ஒன்று விற்கிறது. அதில் கம்பெனிக்காரனே போட்டுக் கொடுக்கும் செயலிகள் இருபத்து மூன்று. எதையும் அழிக்க முடியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு கட்டம் உண்டு. பெற்றவர் டிக் போட்டால் திறக்கும், போடாவிட்டால் பூட்டியே கிடக்கும்.

கிளாட்வின் துறைமுகத்தில் ஏழாம் நம்பர் கிரேன் ஓட்டுகிறவர். தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, லாரி நீளமுள்ள கண்டெய்னரைக் கப்பலிலிருந்து தூக்கி நாலு விரல் பிசகாமல் இறக்கிவைப்பது அவர் தொழில். அந்தப் பட்டியலையும் அப்படித்தான், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

"கேமரா சார்?"

"பூட்டு."

"பாட்டு கேக்குறது?"

"பூட்டு."

"குறிப்பு எழுதுறது?"

"நோட்டு வாங்கிக் குடுத்திருக்கேன்லா? பூட்டு."

"வகுப்பு அரட்டை? கிளாஸ் பிள்ளைங்க எல்லாம் அதுலதான் பேசிக்கும் சார். வீட்டுப்பாடம், பிறந்தநாள் எல்லாமே..."

"பேசுறதுக்குத்தான கிளாஸ் இருக்கு? பூட்டும்மா. ஸ்கூல் நேரத்துல கால் பேசுறதையும் சேத்துப் பூட்டு."

மேஜையில் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்த அவருடைய போனிலிருந்து மனைவி பிரிசில்லா பார்த்துக்கொண்டிருந்தாள். மஸ்கட்டில் நர்ஸ் வேலை. இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

"ஏங்க, பிள்ளைக்கு மூச்சு விட ஒரு ஜன்னலாவது வேண்டாமா? எல்லாத்தையும் அடைச்சுட்டா எப்படி?"

"நீ அங்க இருந்துகிட்டு ஜன்னல் கேக்க. இங்க கள்ளன் வந்தா நான்லா பாக்கணும்" என்றார் கிளாட்வின். பிரிசில்லாவுக்கு டியூட்டி நேரம். "சவத்த வுடுங்க, என்னமும் செய்யுங்க" என்று வைத்துவிட்டாள்.

மகள் ரெனிட்டா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் போனில் ஒவ்வொரு கட்டமாகக் கறுப்பாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரம், கணக்குப்பொறி, டார்ச், அப்பா அம்மாவுக்குச் செய்தி. இவ்வளவுதான் தேறியது. கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது.

"உடன்பதில்னு ஒண்ணு சார். நீங்க என்ன மெசேஜ் போட்டாலும் அரை நிமிஷத்துல பதில் வந்துரும். அது எப்படின்னா..."

"வருமா, வராதா? அத மட்டும் சொல்லு."

"கட்டாயம் வரும் சார். ஆனா அது வந்து, பாப்பாவோட..."

"டிக் போடு."

பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்ப்பது என்று சொல்வார்களே, அது இதுதான்.

ஆனால் கிளாட்வினைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் கடற்கரைப் பிள்ளை. அவர் அப்பா விசைப்படகில் போனவர். கரையிலிருந்து வயர்லெஸ்ஸில் மணிக்கொரு தரம் "எங்க இருக்க, சொல்லு" என்று கேட்பதும், படகிலிருந்து "இருக்கோம், இருக்கோம்" என்று பதில் வருவதும் அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் பழக்கம். அவருக்கு ஒன்பது வயதில் ஒருநாள் மத்தியானத்திலிருந்து பதில் வரவில்லை. ஆறு மணி நேரம். பொழுது சாயும்போது பேட்டரி செத்த வயர்லெஸ்ஸோடு அப்பா சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார். அம்மா ஊர் பார்க்க அவர் கன்னத்தில் ஒன்று விட்டாள். அப்பா அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். ஆனால் அந்த ஆறு மணி நேரம் கிளாட்வின் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. பதில் வராவிட்டால் அவருக்கு இன்றைக்கும் வேலை ஓடாது.

அவர் போனிலும் ஒரு ஏற்பாடு இருந்தது. கூண்டுக்குள் போனைத் தொடக் கூடாது என்பது துறைமுகச் சட்டம். அதனால் கிரேன்காரர்கள் எல்லோரும் பணித்துணை என்ற செயலியைப் போட்டிருந்தார்கள். வேலை நேரத்தில் வீட்டிலிருந்து எது வந்தாலும் அதுவே பதில் சொல்லும். மணிக்கொரு தரம் "சாப்டியா, எங்க இருக்க" என்று அதுவே கேட்கவும் செய்யும். பழைய செய்திகளைப் படித்து அவர் பேச்சைக் கற்றுக்கொண்டதால் 'ராசாத்தி' எங்கே போட வேண்டும், 'ஏட்டி' எங்கே போட வேண்டும் என்று அதற்கு அத்துப்படி. உயரத்தில் இருப்பவன் மனசு கலங்கக் கூடாது என்று, கலங்க வைக்கும் செய்தி எதையும் உடனே காட்டாது. வேலை முடிந்ததும் நாலு வரியில் சுருக்கம் கொடுக்கும். பஸ்ஸில் வரும்போது அதைப் படித்துவிடுவார். இதில் ஏமாற்று ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. எல்லாம் அவர் சொல்லக்கூடியதைத்தானே சொல்கிறது?

அப்படியே நாலு மாதம் ஓடிற்று. காலையில் ரெனிட்டா எழுவதற்கு முன்பே அவர் கிளம்பிவிடுவார். கீழ் வீட்டு எமல்டா அக்கா பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு கொடுத்து பஸ் ஏற்றிவிடுவாள். ஓவர்டைம் முடித்து அவர் வர ஏழு மணியாகும். 'நாள் பூராவும் பேசியாச்சுல்லா' என்ற நினைப்பில் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். ரெனிட்டாவும் அதிகம் பேசுவதில்லை. வளருகிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். போனில்தான் பொன்னாகப் பேசுகிறாளே! 'பஸ்ல ஏறிட்டேன்ப்பா.' 'சாப்டேன்ப்பா, நீங்க சாப்டீங்களா?' அரை நிமிஷம் தாண்டியதில்லை. மற்ற கிரேன்காரர்களிடம் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டார். "எம் பிள்ளை ஒருநாள் ஒருபொழுது பதில் சொல்லாம இருந்ததில்ல பாத்துக்க" என்பார்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை அவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். கூட வேலை செய்யும் சேவியர் என்ற தம்பியைக் கிரேனில் ஏற்றிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய், வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு இரண்டு மணிக்கு வீட்டுப் படியேறினார். ஏறும்போதே பழக்கதோஷத்தில் தன் கையாலேயே ஒரு செய்தி போட்டார்.

'ஏட்டி, சாப்டியா?'

கதவைத் திறந்தார். வீட்டுக்குள்ளே டிங் என்று சத்தம்.

பிரிட்ஜ் மேல், பழைய காலண்டருக்கு அடியில் என்னவோ மினுங்கியது. எடுத்துப் பார்த்தார். ரெனிட்டாவின் போன். சார்ஜரில் கிடந்தது. திரையில், விரல் எதுவும் படாமல், எழுத்து ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

'சாப்டேன்ப்பா. லெமன் சாதம். நீங்க சாப்டீங்களா?'

அவர் சட்டைப்பையில் இருந்த போன் அதிர்ந்தது. அதே வரி.

கிளாட்வின் பேயறைந்தவர் மாதிரி நின்றார். பிறகு, 'எங்க இருக்க?' என்று அடித்தார். கையிலிருந்த பிள்ளையின் போன் அவர் கண்ணெதிரே எழுதியது.

'ஸ்கூல்லப்பா. கேம்ஸ் பீரியடு.'

பள்ளிக்குப் போன் போட்டார். பஞ்சை எடுத்துவிட்டுப் பேசியும் பாதிச் சொல் குழறியது. ஆபீஸ் அம்மா காத்திருக்கச் சொல்லிவிட்டு, போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "கிரவுண்டுல காணுமே சார். மத்தியானத்துக்கு மேல அட்டெண்டன்ஸ் எடுக்குறதில்ல. வீட்டுக்கு வந்துட்டாளா?"

மறுபடி அந்த ஒன்பது வயதுப் பையனாகிவிட்டார். பெற்றவர் கைரேகையை வைத்து மகள் போனைத் திறந்தார். எங்கே போயிருப்பாள் என்று எதிலாவது தெரியாதா? இருந்ததே ஐந்து செயலி. உடன்பதிலைத் தொட்டார். கடைக்காரப் பெண் சொல்ல வந்து அவர் சொல்ல விடாத விஷயம், உள்ளே தெளிவாக எழுதியிருந்தது.

'உங்கள் பிள்ளையின் நேர அட்டவணை, பேருந்து அட்டை, உணவக அட்டை ஆகியவற்றைக் கொண்டு உங்கள் கேள்விகளுக்குப் பிள்ளையின் நடையிலேயே பதில் எழுதுகிறோம். படிப்பு கெடாது. பெற்றோரும் காத்திருக்க வேண்டாம்.'

அதற்குக் கீழே ஒரு கணக்கு. செயலி எழுதியவை: 3182. ரெனிட்டா எழுதியவை: 3.

"மூணா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். வீட்டில் பதில் சொல்ல ஆளில்லை.

மூன்றையும் திறந்தார். முதலாவது, ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றே கால் மணிக்கு.

'அப்பா பயாலஜி லேப் பின்னாடி ரூம்ல வச்சுப் பூட்டிட்டாளுவ. இருட்டா இருக்கு. வந்து கூட்டிட்டுப் போங்க.'

அதற்கு அவர் போனிலிருந்து போன பதில்: 'பயப்படாத ராசாத்தி. அப்பா இருக்கேன்லா. எல்லாம் சரியாயிரும்.' பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

இரண்டாவது செப்டம்பரில். 'அப்பா நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு என்கூட ஸ்கூலுக்கு வாங்க. ஒரே ஒரு தடவ.'

'கண்டிப்பா வாரேன் ராசாத்தி. அப்பாவுக்கு உன்னைய விட்டா யாரு இருக்கா?'

மூன்றாவது அதற்கு மூன்று வாரம் கழித்து.

'அப்பா நம்ம வீட்டுக்கு யானை வந்திருக்கு. பிரிட்ஜ் மேல ஏறி உக்காந்திருக்கு.'

'அப்படியா! சூப்பர் ஏட்டி! பத்திரமா இரு. சாப்டியா?'

அதற்குப் பிறகு ரெனிட்டா எழுதியது ஒன்றுமில்லை. யானை உட்கார்ந்திருந்த இடத்திலேயே போனைத் தூக்கி வைத்துவிட்டாள். மூன்று வாரமாக அது பிரிட்ஜ் மேலிருந்துதான் பஸ் ஏறியது, பள்ளிக்குப் போனது, லெமன் சாதம் சாப்பிட்டது. அதோடு கொஞ்சிக்கொண்டிருந்தது அவருடைய பணித்துணை.

அவருக்கு அந்த ஆகஸ்ட் செவ்வாய் சாயந்திரம் ஞாபகம் வந்தது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்திருந்தது. வேர்க்கடலை கொறித்துக்கொண்டே சுருக்கத்தைப் படித்தார். 'மகள்: 26 செய்திகள். சிறு வருத்தம் ஒன்று. ஆறுதல் சொல்லப்பட்டது. எல்லாம் நலம்.' மார்க்கு கீர்க்கு குறைந்திருக்கும் என்று நினைத்து, பரவாயில்லையே, ஆறுதலும் சொல்லியாச்சு என்று திருப்திப்பட்டு, கடலைத் தோலை ஊதிவிட்டார். ஐயோ, ஊதிவிட்டாரே!

தன் பக்கம் பேசுவது இயந்திரம் என்று அவருக்கு முதல்நாளே தெரியும். எதிர்ப்பக்கமும் அப்படி இருக்கலாம் என்று இந்த நாலு மாதத்தில் ஒருதடவைகூடத் தோன்றவில்லை.

அப்போது கையிலிருந்த போன் கணகணவென்று அடித்தது. அலாரம். மணி இரண்டு நாற்பது. திரையில் ஒரு வரி: 'வியாழன். ஏழாம் நம்பர் பார்க்கணும்.'

கடிகாரத்தைத் திறந்தார். அலாரம் அலாரமாக ஒரு நீளப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் பிள்ளை ஒரு பெயர் வைத்திருந்தாள். 5.30: அப்பா போயாச்சு. 11.15: லேப் ரூம். 1.00: தனியா சாப்பாடு. 1.10: பூட்டு பூட்டுன்னு கூப்பிட்டாளுவ. குறிப்பு எழுதுவதைப் பூட்டியதால், அலாரத்தில் எழுதி வைத்திருக்கிறாள். எல்லாம் அணைத்துக் கிடந்தன. அணைக்காமல் விட்டது அந்த வியாழன் ஒன்றுதான்.

ஏழாம் நம்பர் என்றால் அவருக்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அந்தப் போனையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

துறைமுகச் சுவருக்குத் தெற்கே, கடலோரத்தில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. ஊஞ்சல் ஒன்று, உடைந்த சறுக்கு ஒன்று. அங்கிருந்து பார்த்தால் கிரேன்கள் வரிசையாகத் தெரியும். சிமெண்டு பெஞ்சில் பள்ளிப் பையோடு ரெனிட்டா உட்கார்ந்திருந்தாள். ஏழாம் நம்பர் கிரேன் ஒரு நீலக் கண்டெய்னரைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. அவள் கையை உயர்த்தி ஆட்டினாள்.

கிளாட்வின் ஸ்கூட்டரை நிறுத்தக்கூட மறந்து அப்படியே விட்டு இறங்கினார். அது சரிந்து விழுந்த சத்தத்தில்தான் அவள் திரும்பினாள். அவரைப் பார்த்தாள், கிரேனைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

"அப்பா, அப்போ மேல யாரு?"

"சேவியர் மாமா. எனக்குப் பல்லு பிடுங்குனாங்க."

"போன வாரமும் அவங்கதானா?"

"இல்ல பிள்ள. போன வாரம் நான்தான்."

"நான் கை காட்டுனேன்."

"தெரியலியே ராசாத்தி. அங்கருந்து பாத்தா இங்க ஆளு எறும்பு மாதிரி."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "கிரேன் ஆடுனா நீங்க இருக்கீங்கன்னு நெனச்சேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கே போனாய், ஏன் போனாய் என்று திட்டுவதற்கு வழியெல்லாம் சொல் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டார்.

"ஆகஸ்டுல," என்றார், "உன்னைய பூட்டுனது யாரு?"

"கிளாஸ் பிள்ளைகதான். என் போன்ல எல்லாம் பூட்டிருக்குல்லா? அதனால எம்பேரே பூட்டுதான். சும்மா விளையாட்டுக்குச் செஞ்சோம்னு சொன்னாளுவ."

"எம்புட்டு நேரம் உள்ள இருந்த?"

"ரெண்டு பீரியடு. 'அப்பா இருக்கேன்'னு போட்டீங்கல்லா? வந்துட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன். கதவுக்கிட்டயே நின்னேன். பெருக்குற அக்கா வந்துதான் திறந்தாவ."

கிளாட்வின் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பல் வலி என்று யாராவது நினைத்திருப்பார்கள். பூங்காவில் வேறு யாருமில்லை.

"அது நான் எழுதல பிள்ள. அந்த நேரம் நான் மேல இருந்தேன். போனு எழுதுச்சு."

"தெரியும்ப்பா. யானைக்கு வந்த பதில்லயே தெரிஞ்சுபோச்சு."

"என்கிட்ட வந்து வீட்ல சொல்லியிருக்கலாம்லா?"

"ஒரு நாள் வந்தேன். 'அதான் காலையிலேயே பேசிட்டோம்லா, தூக்கம் வருது'ன்னீங்க."

சொல்லியிருப்பார். அவர் சொல்லக்கூடியதுதான். இதைச் சொல்ல அவருக்குப் பணித்துணை தேவைப்படவில்லை.

பிறகு ரெனிட்டா கேட்டாள்: "அப்போ மூணு வாரமா நம்ம ரெண்டு போனும் தன்னால பேசிட்டு இருந்துச்சா?"

"ஆமா."

"என்ன பேசுச்சு?"

"சாப்டியா, சாப்டேன். நீங்க சாப்டீங்களா, சாப்டேன் ராசாத்தி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டுமே சாப்பிடாதே!" என்றாள். கிளாட்வினும் சிரித்தார். சிரித்தால் பல் பிடுங்கிய இடத்தில் தையல் இழுத்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அது ஒரு காரணம்.

அங்கேயே, அந்தப் பெஞ்சிலேயே, தன் போனைத் திறந்து அவள் கையில் கொடுத்தார். "இந்தா. என் போன்ல என்னென்ன இருக்கலாம்னு இப்ப நீ சொல்லு."

அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். கிரிக்கெட், பாட்டு, பஸ் நேரம், எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். பணித்துணை வந்ததும் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத எடுத்தா, நான் என்ன அனுப்புனாலும் உங்களுக்குத் தெரியாதுல்லா? டீ குடிக்க இறங்குறப்பதான பாப்பீங்க?"

"ஆமா."

"அதுவரைக்கும் எனக்குப் பதில் வராது."

"வராது. அவசரம்னா துறைமுகக் கன்ட்ரோல் ரூம் நம்பர் தாரேன். அடிச்சா என்னைய இறக்கிருவாவ."

அவள் கொஞ்ச நேரம் யோசித்து, கட்டத்தைக் கறுப்பாக்கினாள். அவள் போனில் உடன்பதிலை அவர் கறுப்பாக்கினார். பள்ளி நேரத்தில் கால் பேசுவதைத் திறந்துவிட்டார். வகுப்பு அரட்டையையும் திறக்கட்டுமா என்று கேட்டார். "இப்ப வேண்டாம்ப்பா" என்றாள். "கேமரா மட்டும் குடுங்க." கொடுத்தார். அவள் எடுத்த முதல் படம், வீங்கிய கன்னத்தோடு அப்பா. அதை அம்மாவுக்கு அனுப்பினாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, செப்டம்பரில் போக வேண்டிய பள்ளிக்கு அக்டோபரில் போனார். தலைமையாசிரியை அறையில் மூன்று பிள்ளைகளின் பெற்றோர் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு தகப்பன், "எம் மக தெனமும் நல்லாத்தான் பேசுறா சார், இந்தா பாருங்க, அரை நிமிஷத்துல பதில் போடுவா" என்று தன் போனை நீட்டினான். கிளாட்வின் அந்த மனுஷனைப் பார்த்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. "தம்பி, அதுக்குள்ள போய் அடியில ஒரு கணக்கு இருக்கும், பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அந்தப் பிள்ளைகள் மன்னிப்புக் கேட்டார்கள், அதோடு பேசுவதையும் விட்டார்கள். ஒருத்தி மட்டும் மறுநாள், சனிக்கிழமை வகுப்பன்று, வந்து ரெனிட்டா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாளாம். இதை ரெனிட்டாவே, சாயந்திரம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். அவர் சாப்பிட்ட கை காயக் காய உட்கார்ந்து கேட்டார்.

திங்கட்கிழமை அவர் மறுபடி கிரேன் ஏறினார். பத்து மணி டீக்கு இறங்கியதும் போனை எடுத்துத் தன் கையால் அடித்தார்.

'ஏட்டி, ஸ்கூலுக்குச் சேந்துட்டியா?'

அரை நிமிஷம் போயிற்று. ஐந்து நிமிஷம் போயிற்று. டீ ஆறிப்போயிற்று. மேலே ஏறினார். கண்டெய்னர் ஒவ்வொன்றாக இறங்கியது. வயிற்றுக்குள் அந்தப் பழைய பையன் உட்கார்ந்து கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். 'கிளாசுல இருப்பா. பாடம் நடக்கும்' என்று அவனுக்குச் சொன்னார். 'சொல்லணும்னு தோணும்போது சொல்லுவா. நீ சும்மா இரு.' அவன் சும்மா இருக்கவில்லை. ஆனால் அடுத்த கண்டெய்னரும் நாலு விரல் பிசகாமல் இறங்கியது.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு இறங்கினார். போனை எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தார். பதில் வந்திருந்தது. வந்த நேரம் பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

அவர் டிபன் கேரியரைத் திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னண்ணே, யாரு?" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த சேவியர்.

"எம் பிள்ளை. மெசேஜ் போட்டிருக்கா."

சேவியர் எட்டிப் பார்த்தான். 'ம்' என்று இருந்தது.

"ஒரே ஒரு எழுத்துதாண்ணே இருக்கு."

"ஆமா" என்றார் கிளாட்வின். "அவளே எழுதுனது."